விட்டுப்போன திங்கட்கிழமைகள்

பெரியநாயக்கன்பாளையத்தில் கிரைண்டருக்குக் கல் கொத்துகிற நஞ்சுண்டன் என்றால் தெரியாதவர்கள் உண்டு. கருப்பராயன் கோயில் பூசாரி என்றால் தெரியாதவர்கள் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான். வாரத்தில் ஐந்து நாள் ரோட்டோரத் தகரக் கொட்டகையில் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். செவ்வாயும் வெள்ளியும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, காவி வேட்டி கட்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் அரிவாளோடு நிற்கிற கருப்பராயனுக்கு விளக்குப் போடப் போய்விடுவார். ஐம்பது வயது ஆகிறது. சுத்தியல் பிடித்துப் பிடித்துக் கைதான் காய்த்துப் போயிருந்தது, பேச்சு காய்க்கவில்லை.

அந்தக் கோயிலில் குடியை விடக் கயிறு கட்டுவார்கள். விட நினைக்கிறவன் தானாக வந்து கேட்கவேண்டும். கருப்பராயன் முன்னால் நின்று தன் பேரையும் கெடுவையும் சத்தமாகச் சொல்லவேண்டும். நஞ்சுண்டன் வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றைக் கட்டித் திருநீறு பூசி விடுவார். கெடு முடிகிற வரைக்கும் குடியைத் தொட்டால் சாமிக் குத்தம். முடிந்த அன்றைக்கு வந்தால் கயிற்றை அறுத்து, சாமி முன்னால் நட்டிருக்கிற வேலடியில் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு அவனவன் பாடு.

மற்ற இடங்களில் ஆயுசுக்கும் சத்தியம் கேட்பார்கள். நஞ்சுண்டன் கேட்க மாட்டார். “ஆயுசுக்கும்னு சொன்னா அடுத்த வாரமே போயிருமுங்க. காப்பாத்த முடியற கெடுவாச் சொல்லுங்க” என்பார். லாரி டிரைவர்கள் மூன்று மாதம் கட்டினார்கள். பவுண்டரி ஆட்கள் மகள் கல்யாணம் வரைக்கும் கட்டினார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். ‘கல்யாணம் முடியற வரைக்கும்’ என்று இழுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். “தேதி சொல்லுங்க, நேரம் சொல்லுங்க. பொத்தாம்பொதுவாச் சொன்னா சாமி எதைன்னு ஞாபகம் வெச்சுக்குவாரு?” என்று கேட்பார். சொன்ன நேரத்துக்கு முன்னால் யார் காலில் விழுந்தாலும் அறுக்க மாட்டார். நேரம் வந்துவிட்டால் வைத்திருக்கவும் மாட்டார். அறுத்த கையில் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கழியாமல் திரும்பக் கட்டவும் மாட்டார். அது அவர் அப்பா காலத்துக்கும் முந்தின வழக்கம்.

காலேஜ் பையன்கள் அங்கே வர ஆரம்பித்தது பாலகோபாலால். ஊருக்கு மேற்கே இருக்கிற இன்ஜினியரிங் காலேஜில் அவன் அப்போது முதல் வருஷம். பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை தனியாக வந்து நின்றான்.

“ஏனுங்க பூசாரி, கயிறு கட்டினா பீரும் சேருமுங்களா?”

“சேரும் கண்ணு.”

“அது பார்லித் தண்ணிதானுங்க. காய்ச்சக்காரங்களுக்கே குடுப்பாங்க.”

“காய்ச்சல் வரட்டும், ஆஸ்பத்திரில குடுப்பாங்க.”

அந்தத் தடவை பாலகோபால் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டான். போய் ஹாஸ்டல் முழுக்கச் சொன்னான். அதிலிருந்து ஏப்ரலிலும் நவம்பரிலும் ஹால் டிக்கெட் வாங்கின கையோடு கயிறும் கட்டிக்கொள்வது அந்த ஹாஸ்டலில் வழக்கமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நஞ்சுண்டனுக்குத் தியரி பேப்பர் எது, பிராக்டிகல் எது, எந்தப் பாடம் யாரை எத்தனை தடவை கவிழ்த்தது என்பதெல்லாம் அத்துப்படி ஆயிற்று.

குடிக்கிறவனெல்லாம் மக்கு என்று அவர் நினைக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் குடித்துவிட்டு மறுநாள் பரீட்சையில் அள்ளிக்கொண்டு வந்தவனையும் அவருக்குத் தெரியும். கயிறு கட்டி நாலு நாளில் மீறி, அழுதுகொண்டே வந்து சாமிக்கு எலுமிச்சம்பழம் வைத்தவனையும் தெரியும். இதற்கெல்லாம் அவர் மனசு கலங்கியதில்லை. கதிர்வேல் விஷயம்தான் அவருக்கு முள்ளாகத் தைத்தது.

கதிர்வேல் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன். அப்பா இல்லை. ஆத்தாள் சாமியாத்தாள் இரண்டு ஏக்கர் வாழையை வைத்துக்கொண்டு அவனைப் படிக்க வைத்தாள். ஆள் பார்க்கக் கட்டுமஸ்தாக இருப்பான், பேச்சு மட்டும் தரையைப் பார்த்துத்தான் வரும். மற்ற பாடமெல்லாம் தேறியவனுக்கு இரண்டாம் வருஷத்துக் கணக்குப் பேப்பர் ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு தடவை எழுதினான். முதல் தடவை கயிறில்லாமல். பிறகு மூன்று தடவை கயிறு கட்டிக்கொண்டு. மூன்று தடவையும் ஒரு சொட்டுத் தொடவில்லை. கூட்டாளியின் அக்கா கல்யாணத்தில் எல்லோரும் ஊற்றிக்கொண்டபோதுகூட இலையில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு வந்தான். அப்படியும் மூன்று தடவையும் தோற்றான்.

சத்தியம் பண்ணி மீறினவன் தோற்றால் நியாயம். காப்பாற்றினவன் ஏன் தோற்கிறான் என்று நஞ்சுண்டன் விளக்குப் போடும்போதெல்லாம் கருப்பராயனைக் கேட்டார். கருப்பராயன் எப்போதும்போல அவர் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் ஏப்ரலில் கதிர்வேல் ஐந்தாவது தடவை எழுதவேண்டியிருந்தது. படிப்பு முடிகிற வருஷம். பீளமேட்டுப் பக்கம் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை சொல்லியிருந்தார்கள். ஜூலை ஒன்றாம் தேதி எல்லாப் பாடமும் தேறின காகிதத்தோடு வந்தால் வேலை. இல்லையென்றால் வரிசையில் அடுத்த பையனுக்கு. ஆத்தாளுக்கு இதையெல்லாம் கடிதாசியில் எழுதிவிட்டான். தேறின சேதிக்குத்தான் அவள் காத்திருந்தாள்.

கயிறு கட்ட வந்த அன்று கதிர்வேல் சாமி முன்னால் நின்று, “கணக்குப் பேப்பரை எழுதி முடிக்கிற வரைக்கும்” என்றான்.

“தேதி சொல்லு கண்ணு.”

“எழுதி முடிச்சாப் போதுமுங்களே.”

“அதெப்படி? தேதி வேணும்.”

“ஏப்ரல் இருபத்தெட்டு, சாயங்காலம் அஞ்சு மணி.” பரீட்சையெல்லாம் முடிகிற நாளும் அதுதான். அதனால் கூட வந்த எட்டுப் பேரும் அதே தேதியைச் சொன்னார்கள்.

இருபத்தாறாம் தேதி பேராசிரியர்கள் வேலைநிறுத்தம் என்று பரீட்சைகள் நின்றுபோயின. கணக்குப் பேப்பர் மே ஒன்பதாம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று.

இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு ஒன்பது பேரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். வெளியே அவர்களின் செருப்புகளுக்குக் காவலாக, டிவிஎஸ் பிப்டி வண்டியின் மேல் முகமது ரியாஸ் உட்கார்ந்திருந்தான். கோட்டைமேட்டு அத்தர் வியாபாரி மகன். இவர்களோடு ஒரே வகுப்பு. குடிக்கிற பழக்கம் கிடையாது, ஆனால் கூட்டாளிகள் போகிற இடத்துக்கெல்லாம் கூடப் போவான்.

“மணி அஞ்சாச்சுங்க பூசாரி” என்று பாலகோபால் கடிகாரத்தைக் காட்டினான்.

“பரீட்சை தள்ளிப்போச்சாமே?”

“பரீட்சை தள்ளிப்போச்சுங்க. கெடு தள்ளிப்போகலீங்களே. நீங்கதான தேதி கேட்டீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நஞ்சுண்டன் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு அறுத்தார். கடைசியாக நின்ற கதிர்வேல் கையை நீட்டவில்லை.

“எனக்கு இருக்கட்டுமுங்க.”

“கெடு முடிஞ்சுபோச்சு கண்ணு. இனி அது வெறும் நூலு. சாமி கையை உட்டுப் போயிருச்சு.”

“அப்ப இதை அறுத்துப்போட்டு வேற கட்டுங்க.”

“மண்டலம் ஆகாம எப்படிக் கட்டறது?”

கதிர்வேல் கையை நீட்டினான். பாலகோபால் அவன் தோளில் கை போட்டான். “சாமியே லீவு உட்டுருச்சு மாப்ள. இன்னும் பதினோரு நாள் கெடக்குது. வா, இன்னிக்கு ஒருநாள்.”

அவர்கள் போன பிறகு நஞ்சுண்டன் அறுத்த நூல்களைக் கூட்டி வேலடியில் சேர்த்தார். கத்தியைத் துடைக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. பையன் முதலில் சொன்னது என்ன? எழுதி முடிக்கிற வரைக்கும் என்றுதானே சொன்னான். அவன் சரியாகத்தான் கேட்டான். அதைத் தேதியாக்கச் சொல்லிக் கெடுத்தது நான். வேறு யாரையும் சொல்ல முடியாது.

விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் காவி வேட்டியோடு சைக்கிளை எடுத்தார். கயிறு கட்டச் சொல்லி யாரையும் தேடிப் போகிற வழக்கம் அந்தக் கோயிலில் இல்லை. இப்போதும் கட்டப் போகவில்லை, தப்பைச் சொல்லத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதித்தார்.

மேட்டுப்பாளையம் ரோட்டு ஒயின்ஷாப்புக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு பார் வைத்திருந்தார்கள். நஞ்சுண்டன் உள்ளே காலை வைத்ததும் பேச்சு நின்றுபோயிற்று. மூலையில் இருந்த பவுண்டரிக்காரர் ஒருவர் கயிறு கட்டின கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், “சோடாதானுங்க பூசாரி” என்றார். இன்னொருவர் தீப்பெட்டி தேடுகிறமாதிரி மேசைக்கு அடியில் போனவர் வெளியே வரவேயில்லை. பார்க்காரர் ஓடி வந்தார்.

“ஏனுங்க சாமி, ஏதாச்சும் குத்தமாகிப் போச்சுங்களா?”

“இல்லீங்க. ஒரு பையனைப் பாக்கோணும்.”

ஒன்பது பேரும் இரண்டு மேசையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரியாஸ் முன்னால் பன்னீர் சோடாவும், எல்லோருக்குமாக வாங்கி அவனே தின்றுகொண்டிருந்த அவிச்ச முட்டையும் இருந்தன. கதிர்வேலின் டம்ளரில் பாதி குறைந்திருந்தது. அவன் எழுந்து நின்றான்.

“குடிச்சுப்போட்டேனுங்க.”

“உக்காரு கண்ணு. கெடு முடிஞ்சவன் குடிச்சாக் குத்தமில்லை. குத்தம் என்ற மேல. நீ சொன்னதை மாத்திச் சொல்ல வெச்சது நான்தான். அதைச் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன்.”

பாலகோபால் சுண்டல் தட்டை நகர்த்தினான். “சாப்பிடுங்க பூசாரி.”

“இன்னிக்கு ஒருசந்தி விரதம், கண்ணு.” நஞ்சுண்டன் பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்தார். “ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். மூணு தடவையும் கயித்தைக் காப்பாத்துன. பொறகு ஏன் போச்சு?”

“தெரியலீங்க. பேப்பரைப் பிரிச்சாப் பாதிக் கேள்வி பாத்த மாதிரி இருக்கும். பாதி பாத்த மாதிரியே இருக்காது.”

“நான் சொல்லட்டுங்களா பூசாரி?” என்றான் ரியாஸ். “சொன்னா அடிக்க வருவான்.”

“சொல்லுங்க தம்பி.”

“இவன் நோட்டை நான் பாத்திருக்கேன். எல்லாப் பாடமும் நடுவுல இருந்துதான் ஆரம்பிக்குது. ரெண்டாம் வருசம் எங்களுக்குக் கணக்கு வாத்தியார் எந்தப் புதுப் பாடத்தையும் திங்கக்கெழம முதல் பீரியடுலதான் ஆரம்பிப்பாரு. இவனுக ஞாயித்துக்கெழம சாயங்காலம் உக்காந்தா, திங்கக்கெழம பத்து மணிக்கு முன்னால எவனும் எந்திரிக்க மாட்டான். மத்தவனுக வெக்கமில்லாம எங்கிட்ட நோட்டை வாங்கி எழுதிக்கிட்டானுக. இவன் கேக்கவே இல்லை. கேட்டா நான் என்ன நெனச்சுக்குவேனோன்னு.”

“ஏன்டா, எங்களுக்கு வெக்கமில்லைங்கறயா?” என்றான் பாலகோபால்.

“முட்டை தின்னுக்கிட்டு இருக்கறப்ப பேச வெக்காத.”

நஞ்சுண்டன் கதிர்வேலைப் பார்த்தார். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்படி எத்தனை திங்கக்கெழம போயிருக்கும்?”

“முப்பது இருக்குமுங்க” என்றான் மெதுவாக.

நஞ்சுண்டனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. முதலில் போடுகிற அடிக்கொத்து சரியாக விழாத கல்லில் அரிசி வழுக்கிக்கொண்டேதான் போகும், மேலே எத்தனை தடவை கொத்தினாலும் அரைபடாது. இது அவருக்குத் தினமும் தெரிந்த விஷயம். இதைப் போய் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கருப்பராயனிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“கயிறு குடியைத்தான் நிறுத்தும். உட்டுப்போன திங்கக்கெழமைய சாமி எங்கிருந்து கொண்டாருவாரு?” என்றார். பிறகு ரியாஸ் பக்கம் திரும்பினார். “ஏனுங்க தம்பி, அதையெல்லாம் பதினோரு நாள்ல நடத்த முடியுமுங்களா?”

ரியாஸ் விரலை மடக்கிப் பார்த்தான். “ஒரு நாளைக்கு மூணு திங்கக்கெழம. முடியுமுங்க. ஆனா ஹாஸ்டல்ல ஆகாது. இவனுக உட மாட்டானுக.”

“என்ற கொட்டகைக்கு வாங்க. உளிச் சத்தம் இருக்கும். அதைப் பொறுத்துக்கோணும்.” கதிர்வேலைப் பார்த்து, “நான் கூப்பிடலை கண்ணு. நீயா வந்தா உண்டு” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கதிர்வேல் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. “நாளைக்குக் காலைல வாரேனுங்க” என்றான். மீதி இருந்த டம்ளரைப் பாலகோபால் ஓசைப்படாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு ரியாஸின் வண்டி கோட்டைமேட்டிலிருந்து வந்து நின்றுவிடும். கல்லில் அளவு போட வைத்திருந்த சாக்கட்டியை எடுத்து, கொத்தாத கருங்கல் உருண்டைகளின் மேல் கணக்கை எழுதிக் காட்டினான். “இன்னிக்கு ஜூலை மாசத்து மூணாவது திங்கக்கெழம. நல்லா முளிச்சுக்கிட்டுக் கேளு” என்றுதான் ஆரம்பிப்பான். எழுதின கல்லை நஞ்சுண்டன் அன்றைக்குத் தொட மாட்டார், வேறு கல்லை இழுத்துக்கொள்வார். மத்தியானம் அவர் மனைவி ரங்கம்மாள் சோறும் பருப்புச் சாறும் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் போடுவாள். ரியாஸ் தொழுவதற்குக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் பெருக்கி, புதுச் சாக்கு ஒன்றை விரித்து வைத்தாள். அவன் தொழுது முடிகிற வரைக்கும் உளிச் சத்தம் கேட்காது. நிறுத்தும்படி யாரும் சொன்னதில்லை.

பகல் போய்விடும். சாயங்காலம் ஆறு மணியானால் கதிர்வேலுக்கு உட்கார இருப்புக் கொள்ளாது. எழுந்து எழுந்து உட்காருவான். நஞ்சுண்டன் ஒன்றும் கேட்காமல், கல் கழுவத் தண்ணீர் வேண்டும் என்பார். அடிபம்பில் இருபது குடம் அடித்துவிட்டு வருவான். மூன்றாம் நாள் சொல்லாமல் ரோட்டுக்குப் போனவன் ஒரு மணி நேரம் கழித்து முறுக்குப் பொட்டலத்தோடு திரும்பினான்.

“முறுக்கு வாங்க ஒரு மணி நேரமா?” என்றாள் ரங்கம்மாள், புருஷன் காதில் மட்டும் விழுகிற மாதிரி.

“தூரமாப் போயி வாங்கியிருக்கான்” என்றார் நஞ்சுண்டன். வாயை மோந்து பார்க்கவில்லை. முறுக்கை வாங்கித் தின்றார்.

எட்டாம் நாள் கதிர்வேல் தானே ஒரு கணக்கைக் கல்லில் போட்டு முடித்தான். ரியாஸ் சரிபார்த்துவிட்டு இன்னொரு கல்லைக் காட்டினான். அதையும் போட்டான். அன்று சாயங்காலம் தண்ணீர் அடிக்கச் சொல்ல நஞ்சுண்டனுக்கு ஞாபகம் வரவில்லை. அவனும் எழுந்திருக்கவில்லை.

மே ஒன்பது செவ்வாய்க்கிழமை. நஞ்சுண்டன் பூசையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் காலேஜ் வாசலில் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த வாசலுக்கு அவர் போனதில்லை. வாட்ச்மேன், “யாரைப் பாக்கோணுமுங்க?” என்று இரண்டு தடவை கேட்டான். ஐந்து மணிக்குப் பையன்கள் வெளியே வந்தார்கள். கதிர்வேல் கடைசியில் வந்தான். சட்டையில் மை கொட்டியிருந்தது.

“எப்படிக் கண்ணு?”

“எல்லாக் கேள்வியும் பாத்த மாதிரி இருந்துச்சுங்க” என்றான்.

ஜூன் கடைசியில் ரிசல்ட் வந்தது. ஐம்பத்தெட்டு மார்க். அந்த வெள்ளிக்கிழமையே சாமியாத்தாள் வாழைத்தார் ஒன்றைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு மகனோடு கோயிலுக்கு வந்துவிட்டாள். கையில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த காகிதத்தையும் மடித்து வைத்திருந்தாள். அதைச் சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டு எழுந்தாள்.

“ஏனுங்க பூசாரி, இவன் உங்ககிட்டக் கயிறு கட்டித்தான் பாஸாகியிருக்கறான்னு இவன் கூட்டாளி பாலகோபாலு சொன்னான். எதுக்குக் கட்டற கயிறுன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டீங்கறானுக. பயந்த கோளாறுக்குங்களா?”

கதிர்வேல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நஞ்சுண்டனுக்குச் சாமி முன்னால் பொய் சொல்லி வழக்கமில்லை. பெற்றவளிடம் பையனைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லை. திருநீற்றுத் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“திங்கக்கெழமயானா கிளாசுக்குப் போகோணுமில்லீங்களா அம்மணி. அதுல இவனுக்கு ஒரு தடங்கல் இருந்துச்சு. இப்பச் சேரியாப் போச்சு.”

“அட, அதுக்கெல்லாம் கயிறு இருக்குதுங்களா?” சாமியாத்தாளின் முகம் மலர்ந்துவிட்டது. “என்ற சின்னவன் இப்பத்தான் பன்னெண்டாவது போறான். அவனும் திங்கக்கெழமன்னா வவுத்து வலிம்பான். அவனுக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க, நான் கொண்டுபோறேன்.”

“அது கேக்கறவங்க கையிலதானுங்க கட்டறது.”

“நான்தானுங்க கேக்கறேன்.”

நஞ்சுண்டன் கதிர்வேலைப் பார்த்தார். கதிர்வேல் ஒரு அடி முன்னால் வந்து, “அவனுக்கு வேண்டாம் ஆத்தா” என்றான். “அவனை நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கெழமக்கு ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்துடறேன்.”

“வேலையை உட்டுப்போட்டா?”

“ஞாயித்துக்கெழம லீவுதான் ஆத்தா.”

“அப்பச் சேரி” என்று சாமியாத்தாள் வாழைத்தாரிலிருந்து ஒரு சீப்பை அறுத்துத் தனியாக வைத்தாள். மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த ரியாஸின் ஊட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கோட்டைமேட்டுக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது என்று பூசாரியைக் கேட்டாள்.